இயற்கை ஓரம் விட்ட மரத் தளபாடங்கள்: சீல் செய்வதும் பொலிஷ் போடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றியை நெடுக்காக அரிந்து, பக்கங்களைச் சதுரம் பிடிக்காமல், மரத்தின் வெளிவளைவு அப்படியே தெரிய விட்டுச் செய்யும் மேசை, வாங்கு, தட்டு போன்றவற்றைத்தான் இங்கே இயற்கை ஓரத் தளபாடம் என்கிறோம். 'லைவ் எட்ஜ்' என்று கேட்டு வருகிறவர்கள் தேடுவதும் இதைத்தான். கீழே உள்ள பதில்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்து மரங்களையும் வெயிலையும் மாரியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வழக்கமான தச்சுவேலையில் வெளிறை (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரத்தை) வெட்டி எறிந்துவிட்டு வைரத்தை (நடுவே உள்ள உறுதியான மரத்தை) மட்டும் எடுப்போம். இயற்கை ஓரத்தில் அந்த வெளிறுதான் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் நிற்கிறது. உளுப்பதும் பூஞ்சணம் பிடிப்பதும் பட்டை கழருவதும் அங்கேதான் தொடங்கும். அதனால் பொலிஷ் போத்தலைத் திறப்பதற்கு முன் செய்யும் வேலைதான் இதில் பாதிக்கு மேல்.

எந்த மரம் இதற்குப் பொருத்தம்?

முதிரை அழகில் முதல். பொன்மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் வேறு மரத்தில் கிடைக்காது. ஆனால் ரேகை முன்னும் பின்னும் மாறி ஓடுவதால் சீவுளி போட்டால் இடையிடையே பிய்த்துக்கொண்டு வரும். கடைசி வேலையைத் தேய்த்துத்தான் முடிக்க வேண்டும். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் சொறியும் தடிப்பும் தரும், எனவே முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கட்டாயம்.

பாலை இரும்பு போன்ற பாரம். தண்ணீரில் போட்டால் தாழும். தடித்த பலகையாக அரிந்து அவசரமாகக் காயவைத்தால் வெடித்தே தீரும். வாங்குக்கு நல்லது, பெரிய மேசைத் தட்டுக்குச் சிரமம். சமண்டலை நேரான ரேகை, மடங்கிப் போவது குறைவு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது. தேக்கு மிகக் குறைவாகவே சுருங்கும். நட்டு வளர்த்த இளந்தேக்கில் வெளிறு அகலமாக இருக்கும், அந்த வெள்ளைப் பட்டியை உளு (மரம் துளைக்கும் சின்ன வண்டு) விரும்பித் தின்னும். புளியில் பெரும்பகுதி வெளிறுதான். கறுப்புக் கோடு ஓடிய புளிப் பலகை பார்க்கச் சித்திரம் மாதிரி இருந்தாலும், மருந்து போடாமல் அதைத் தொடவே வேண்டாம். வேம்பின் வைரம் பூச்சியைத் தாங்கும், அதன் வெளிறு தாங்காது. பலா வெட்டியவுடன் பளிச்சென்ற மஞ்சள், வெளிச்சம் பட்டு மெல்ல மெல்லத் தேன்பழுப்புக்கு இறங்கும். அதைப் பொலிஷ் எதுவும் நிறுத்தாது, வாங்குகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பச்சைக் குற்றியை அரிந்து எடுத்திருக்கிறேன். எவ்வளவு காலம் காய வேண்டும்?

ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. எங்கள் வெப்பத்தில் தேக்கு, சமண்டலை அதைவிடச் சற்று விரைவாகவே காயும். பாலையும் முதிரையும் அந்தக் கணக்கை முழுதாகக் கேட்கும். 2 அங்குலத்துக்கு மேல் தடிப்புள்ள பலகையை மாதக்கணக்கில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், சூளையில் உலர்த்தினார்களா என்று கேளுங்கள்.

அரிந்த அன்றே இரண்டு தலைப்பக்கத்தையும் (பலகை குறுக்கே வெட்டுப்பட்ட முனைகளை) அடைத்துவிட வேண்டும். தலைப்பக்கத்தால் ஈரம் வெளியேறும் வேகம் முகத்தால் வெளியேறுவதைவிடப் பல மடங்கு. அதை அடைக்காவிட்டால் ஒரு வாரக் கச்சான் காற்றுக்கே தலையில் நட்சத்திர வெடிப்பு வந்துவிடும். உருக்கிய மெழுகு சிறந்தது. இல்லையென்றால் மீதியாய்க் கிடக்கும் எனமல் பெயின்ரைத் தண்ணீர்போல் ஆக்காமல், கெட்டியாக இரண்டு முறை பூசுங்கள்.

நிழலில், காற்றோட்டமான கொட்டிலில், நிலத்தில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்குங்கள். பலகைக்குப் பலகை நடுவே முக்கால் அங்குல இடைச்சட்டம், ஒவ்வொரு 18 அங்குலத்துக்கும் ஒன்று. மேலும் கீழும் உள்ள சட்டங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், விலகினால் பலகை அலைபோல் வளையும். அடுக்கின் மேல் சீமெந்துக் கல் ஏற்றிப் பாரம் வையுங்கள். இடைச்சட்டம் காய்ந்த மரமாகவே இருக்கட்டும். பச்சைச் சட்டம் வைத்த இடத்தில் விழும் நீலப்பட்டை எத்தனை தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஈரமானி இருந்தால் பலகையின் நடுப்பகுதியில், தலையில் இருந்து ஒரு அடியாவது தள்ளி, குறைந்தது ஆறு இடத்தில் பாருங்கள். கோடையில் காற்றின் ஈரப்பதம் 65 வீதமளவில் நிற்கும்போது மரம் 12 வீத ஈரத்தில் வந்து தங்கும். மாரியில் காற்று 80 வீதத்தைத் தாண்டினால் அதே மரம் 16 வீதம்வரை ஏறும். எனவே எங்கள் பக்கத்தில் 12 முதல் 14 வரை வந்தால் வேலையைத் தொடங்கலாம். வெடிப்பை நிரப்ப எபொக்சி (இரண்டு திரவத்தைக் கலந்து இறுக வைக்கும் பசை) ஊற்றுவதென்றால் 12க்கு மேல் வேண்டாம்.

மானி இல்லையா? நெல் நிறுக்கும் தராசு போதும். 8 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அங்குலத் தடிப்புள்ள தேக்குப் பலகை காய்ந்த நிலையில் ஏறக்குறைய 60 கிலோ வரும். மாதம் ஒருமுறை நிறுத்து, பலகையின் பின்புறத்தில் சோக்கால் எழுதி வாருங்கள். கோடையில் அடுத்தடுத்து இரண்டு மாதம் நிறை குறையாமல் நின்றால் அது கொட்டிலின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. மாரியில் நிறை நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்போது மரம் காய்வதை நிறுத்தியிருக்குமே தவிரக் காய்ந்து முடிந்திருக்காது.

துல்லியமாக வேண்டுமென்றால், பலகையின் தலையில் ஒரு அடி கழித்து ஒரு அங்குலத் துண்டு அரிந்து உடனே நிறுங்கள். அதை 103 பாகை செல்சியஸ் அவனில் நிறை மாறாமல் நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுங்கள். வித்தியாசத்தைக் காய்ந்த நிறையால் பிரித்து 100ஆல் பெருக்கினால் ஈர வீதம். 240 கிராம் துண்டு 210 கிராமுக்கு இறங்கினால் 14.3 வீதம்.

பட்டையை விடலாமா, எடுக்க வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய படை காய்ந்ததும் பிடி விடும். இன்றைக்கு இறுக்கமாக நிற்கும் பட்டை இரண்டு வருடத்தில் மேசையில் உட்காருகிறவரின் முழங்கையில் பட்டு விழும். அதற்குள் பூச்சியும் குடியிருக்கும். மழை பெய்து துளிர் ஓடும் காலத்தில் வெட்டிய மரத்தின் பட்டை இலகுவாக உரியும், கடும் கோடையில் வெட்டியது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எடுக்கும்போது வாய்ச்சியால் கொத்த வேண்டாம். அகலமான உளியைப் பலகையோடு படுக்கையாய்ப் பிடித்து, பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் நுழைத்து நெம்பினால் பாளம்பாளமாக வரும். அதன்பிறகு மிஞ்சும் நார்ப்படைதான் பலரும் விட்டுவிடும் இடம். பழுப்பாக, விரலால் தேய்த்தால் நாராய் உரியும் படை அது. அதன்மேல் பொலிஷ் போட்டால் மரத்தில் பிடிக்காது, நாரோடு சேர்ந்து உரிந்து வரும். கையால் வயர் பிரஷ் போட்டு, ரேகையின் ஓட்டத்திலேயே இழுத்து, கீழே வெளிறின் வழுவழுப்பான மேடுபள்ளம் தெரியும்வரை எடுங்கள். கிரைண்டரில் இரும்பு வயர்ச் சில்லு மாட்டி ஓட்டினால் வெளிறில் கோடு கோடாய்க் குழி விழும். நைலோன் சில்லு பரவாயில்லை.

வாங்குகிறவர் பட்டை வேண்டுமென்றே நின்றால், ஆடும் இடமெல்லாம் மெல்லிய சுப்பர் குளூவை விளிம்பால் உறிஞ்ச விட்டு இறுக்குங்கள். அது நிரந்தரம் அல்ல என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஓரத்தில் இருந்து மா கொட்டுகிறது. என்ன செய்வது?

1 அல்லது 2 மில்லிமீற்றர்ச் சின்னத் துவாரம், அதன் கீழே கோதுமை மாவைப்போல் மெல்லிய தூள் என்றால் உளு. வெளிறில் உள்ள மாப்பொருளுக்காக வரும் வண்டு அது. மரத்தின் திறந்த துளைகளில் முட்டை இடும், புழு உள்ளே இருந்தே தின்று வளரும், வண்டானபின் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பொலிஷ் போட்டு அடைத்த முகத்தில் புதிதாக முட்டையிட முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழு பொலிஷையும் துளைத்துக்கொண்டு வரும். மேசை விற்றுச் சில மாதங்களில் 'மா கொட்டுது' என்று அழைப்பு வருவது இதனால்தான்.

தடுப்புக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் போதும். 10 லீற்றர் சூடான தண்ணீருக்கு 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் அமிலம். முழுதாகக் கரையும்வரை கிண்டி, சூடு ஆறுவதற்குள் பிரஷ்சால் தாராளமாகப் பூசுங்கள். ஓரத்துக்கும் தலைப்பக்கத்துக்கும் மூன்று முறை, முகங்களுக்கு இரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் மேற்பரப்பு நனைந்தே இருந்தால் நல்லது, அப்போதுதான் உள்ளே ஊறும். அரிந்த உடன் பச்சையாக இருக்கும்போது ஒருமுறை, பட்டை எடுத்துத் தேய்த்த பின் ஒருமுறை என்று இரண்டு கட்டமாகச் செய்வதே எங்கள் பரிந்துரை. காய்ந்ததும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, மூன்று நாளாவது காயவிட்டு, பிறகுதான் பொலிஷ். கையுறை போடுங்கள், கலக்கிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மா கொட்டும் பலகைக்கு, ஒவ்வொரு துவாரத்திலும் ஊசிக்குழாயால் கரைசலை ஏற்றலாம். உள்ளே வழி நீளமாகப் போயிருந்தால் இது பாதிப் பயன்தான். வெளிறை நகத்தால் குத்தினால் அமுங்குகிறது என்றால் அந்த ஓரத்தை விட்டுவிடுங்கள், அரிந்து எறிவதே நேர்மையான வேலை.

பலகையில் கறுநீலக் கறை இருக்கிறது. தேய்த்தால் போகவில்லை.

இது வன்னிப் பகுதி மரங்களுக்கே உரிய கரைச்சல். யுத்தகாலச் சன்னமும் செல் துண்டும் இன்னும் பல மரங்களுக்குள் இருக்கின்றன. இரும்பு, மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தோடும் ஈரத்தோடும் சேர்ந்து கறுநீலமாகக் கறை விடும். ரேகை வழியே மேலும் கீழும் ஒரு அடிக்கு மேலும் அது ஓடியிருக்கலாம். மரக்காலைக்குக் கொண்டுபோகும் முன்பே உலோகங்காட்டியால் குற்றியைச் சுற்றிப் பாருங்கள். வாள் பல் போவது ஒருபுறம், தெறிக்கும் துண்டு ஆளைக் காயப்படுத்தும். சிறு சிதறலாக இல்லாமல் உருவமுள்ள பொருளாக ஏதாவது தெரிந்தால் நெம்பவும் தட்டவும் வேண்டாம். குற்றியை அப்படியே விட்டு, ஆட்களை விலக்கி, பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கறையை எடுப்பதற்கு முதலில் இரும்பை எடுக்க வேண்டும். உள்ளே துண்டு இருந்தால் கறை திரும்ப வரும். பிறகு 1 லீற்றர் சூடான தண்ணீரில் 80 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் வைத்து, நைலோன் பிரஷ்சால் கறையில் மட்டுமல்ல, முழு முகத்திலும் பூசுங்கள். கறையில் மட்டும் பூசினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். அரை மணியில் கறை மங்கத் தொடங்கும், காயவிட்டு மறுமுறை பூசலாம். முடிந்ததும் நிறையத் தண்ணீரால் மூன்று முறை கழுவி, கடைசியாக அப்பச்சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். அமிலம் நஞ்சு. கழுவாமல் காய்ந்த பொடியைத் தேய்த்து மூச்சில் எடுப்பது மிக ஆபத்து.

துண்டை எடுக்க முடியாத இடம் என்றால், சுற்றி வர மெல்லிய எபொக்சி விட்டு ஈரம் சேராமல் அடைத்து, கறையை அப்படியே விடலாம். அதை மறைக்காமல் விடும்படி கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

வெடிப்பை நிரப்புவது எப்படி?

முதலில் வெடிப்பு நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வெடிப்பில் எபொக்சி ஊற்றினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். தலையில் இருந்து உள்நோக்கிப் போகும் பெரிய வெடிப்புக்கு வண்ணத்துப்பூச்சிக் கட்டை போடுங்கள். பலகைத் தடிப்பில் மூன்றில் ஒன்று முதல் பாதிவரை ஆழம், கட்டையின் ரேகை வெடிப்பைக் குறுக்கே கடக்க வேண்டும். பாலையில் அல்லது முதிரையில் வெட்டிய கட்டை நன்றாகத் தாங்கும்.

எபொக்சிக்குக் கணக்கு இலகு: நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி, 16.4ஆல் பெருக்கினால் மில்லிலீற்றர். 24 அங்குல நீளம், அரை அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழமான வெடிப்புக்கு 300 மில்லி அளவில் வரும், 350 கலவுங்கள். கலவை விகிதத்தை லேபலில் உள்ளபடி, நிறையா கனவளவா என்று பார்த்து எடுங்கள். கண்மதிப்பில் ஊற்றியது ஒருபோதும் இறுகாது, பிசுபிசுப்பாகவே இருக்கும்.

ஊற்றும் முன் வெடிப்பின் உட்சுவர்களில் மெல்லிய எபொக்சி ஒரு பூச்சு பூசி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போது மீதியை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் மரத்துளையில் உள்ள காற்று குமிழியாக மேலே வரும். நேரமும் முக்கியம். காலையில் தொடங்கினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் காற்று விரிந்து குமிழி தள்ளும், மாலை 4 மணிக்குப் பிறகு மரம் குளிரும்போது பசையை உள்ளே இழுக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். 25 பாகைக்கு எழுதிய 40 நிமிடம், தகரக் கொட்டகையில் 20 நிமிடம்கூட நிற்காது. கோப்பையில் மொத்தமாக விட்டுவைத்தால் சூடேறிப் புகையும். கலந்தவுடன் அகலத் தட்டில் பரப்பி ஊற்றுங்கள்.

எதுவரை தேய்க்க வேண்டும்?

முகங்களுக்கு 80, 120, 180 நம்பர்த் தேய்ப்புத்தாள். எண்ணெய் போடுவதென்றால் 220இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் மினுக்கினால் மரம் எண்ணெயைக் குடிக்காது. தலைப்பக்கத்தை ஒரு நம்பர் கூடுதலாகத் தேய்த்தால் அங்கே கறுத்துப் போகாது. இயற்கை ஓரத்தை மெசினில் தேய்க்க வேண்டாம், 180 தாளைக் கையில் மடித்து வளைவோடு போங்கள். முகமும் ஓரமும் சந்திக்கும் கூர்விளிம்பை மட்டும் லேசாக உடைத்துவிடுங்கள். கத்திமுனை போன்ற விளிம்பில் எந்தப் பொலிஷும் தங்காது.

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் பூசலாமா?

கூடாது. தேங்காய், வேம்பு, இலுப்பை எண்ணெய்கள் இறுகிப் படையாவதில்லை. மரத்தில் பிசுக்காகவே நின்று தூசியைப் பிடிக்கும், சிலகாலத்தில் சிக்கு மணக்கும், பிறகு அதன்மேல் எந்த வார்னிஷும் ஒட்டாது. கழிவு எஞ்சின் ஒயில் வேலித் தூணுக்கே உரியது, வீட்டுக்குள் வேண்டாம். காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய்கள் என்றால் ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் போன்றவை.

அப்படியானால் எந்தப் பொலிஷ்?

சாப்பாட்டு மேசைக்குப் பொலியூரித்தேன். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. சூட்டையும் குழம்பையும் ஈரத்துணியையும் அதுபோல் தாங்குவது வேறில்லை.

எண்ணெய்ப் பூச்சு மரத்தை மரமாகவே காட்டும். தொட்டால் பிளாஸ்டிக் உணர்வு இராது, கீறினால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசலாம். விருந்தினர் மேசை, தட்டு, கட்டில் தலைப்பலகை போன்றவற்றுக்கு அருமை. தாராளமாகப் பூசி, 20 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபூச்சு, இப்படி மூன்று. துடைக்காமல் விட்டால் ஒட்டும் படையாகிவிடும். துடைத்த பழந்துணியைக் குவித்து மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் விடும், குவியலாக இருந்தால் நெருப்பு வைக்காமலே பற்றும். வெளியே விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள். எங்கள் சித்திரை வெயிலில் இது வெறும் எச்சரிக்கை அல்ல.

ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைக்கும் அரக்கு) அடிப்பூச்சுக்குச் சிறந்தது. பிசின் கசியும் மரத்தையும் கறையையும் அடைக்கும். 1 லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில் போட்டால் அடிப்பூச்சுப் பதம், 240 கிராம் போட்டால் மினுக்கும் பதம். பொலியூரித்தேனுக்கு அடியில் போடுவதென்றால் மெழுகு நீக்கிய ஷெல்லாக்தான் வேண்டும். சூடான தேநீர்க் கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஆகவே மேற்பூச்சாக வேண்டாம்.

என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) சீலரும் லெக்கரும் விரைவாகக் காயும், ஸ்பிரே செய்ய இலகு. ஆனால் மாரியில் பூசினால் ஈரத்தைப் பிடித்துப் பால்போல் வெளுக்கும். சீலரைத் தடிப்பாக ஏற்றினால் பிறகு வெடிக்கும். அதன் மேல் பொலியூரித்தேன் போட்டால் உரியும் வாய்ப்பு அதிகம், இரண்டையும் கலக்காதீர்கள்.

பொலியூரித்தேன் போடும் முறை?

6 அடிக்கு 3 அடி மேசைத் தட்டின் இரு முகமும் ஓரமும் சேர்ந்து 3.7 சதுர மீற்றர் அளவில் வரும். லீற்றருக்கு ஒரு பூச்சில் 10 சதுர மீற்றர் என்று வைத்தால், நான்கு பூச்சுக்கு ஒன்றரை லீற்றர். தேக்கு என்றால் பூசுவதற்குச் சற்று முன் முழுவதையும் தின்னரால் துடையுங்கள். அதன் இயல்பான எண்ணெய் மேலே இருந்தால் பூச்சு காயாமல் இழுபடும்.

முதல் பூச்சில் 15 வீதம் தின்னர் கலந்து ஓரத்துக்கும் தலைப்பக்கத்துக்கும் முதலில் கொடுங்கள். அவை உறிஞ்சி வறண்டால் அப்போதே இரண்டாம் முறை கொடுங்கள். மறுநாள் 320 தாளால் மெல்ல உரசித் தூளைத் துடைத்து, அடுத்த மூன்று பூச்சும் மெல்லியதாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே உரசி. டப்பாவைக் குலுக்க வேண்டாம், மெதுவாகக் கிண்டுங்கள்; குலுக்கினால் குமிழி. தொட்டால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் எடுக்கும், அதுவரை சோற்றுப்பானையை அதில் வைக்காதீர்கள்.

எந்த மாதத்தில் செய்வது?

மாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில். ஐப்பசி முதல் தைவரை தேய்ப்பு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் வீதித் தூசிதான் எதிரி. வீதிப்பக்கம் நனைத்த சாக்கு தொங்கவிட்டு, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, காற்று விழும் பின்னேரத்தில் பூசுங்கள். பூசி முடித்ததும் மின்விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் எல்லாம் ஈரப் பூச்சில்தான் இறங்கும், விடிந்து பார்த்தால் சிறகும் காலும் பதிந்திருக்கும்.

அடிப்பக்கத்துக்கும் பூச வேண்டுமா? யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்ப்பதற்கல்ல. மேலே நான்கு பூச்சு, கீழே வெறும் மரம் என்றால் மாரியில் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து உப்பும், பலகை கிண்ணம்போல் வளையும். இரு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கை.

கால்களை எப்படிப் பூட்டுவது?

இறுக்கிப் பூட்டினால் பலகை வெடிக்கும். 30 அங்குல அகலத் தேக்குப் பலகை, மாரிக்கும் கோடைக்கும் இடையில் 4 வீத ஈரம் ஏறி இறங்கினால், அகலத்தில் 5 முதல் 6 மில்லிமீற்றர் அசையும். இரும்புக் காலின் தகட்டில் வட்டத் துளைக்குப் பதிலாக, 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 20 மில்லிமீற்றர் நீளமான பிளவுத் துளை போடுங்கள், நீளப்பக்கம் பலகையின் அகலத்தோடு போக. நடுப் போல்ட் மட்டும் இறுக்கம், மற்றவை வாஷரோடு சறுக்க வேண்டும்.

மஞ்சள் கறை பிடித்துவிட்டது.

எண்ணெய்ப் பூச்சில் குழம்பு ஊற்றுப்பட்டால் இப்படித்தான். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, அந்த இடத்தில் சில மணி நேரம் வெயில் படவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. கறையை உடனே தேய்த்து எடுக்க வெளிக்கிட்டால் பள்ளம்தான் மிஞ்சும்.

முற்றத்தில் போட வாங்கு செய்யலாமா?

பாலையில் செய்யலாம். வெளிறை எவ்வளவு மெல்லியதாக விடமுடியுமோ அவ்வளவு விடுங்கள். உட்புற வார்னிஷ் ஒரு வருடத்தில் செதிலாய் உரியும், புறஊதாக் கதிரைத் தாங்கும் வெளிப்புற வார்னிஷையும் வருடம் ஒருமுறை உரசிப் பூச வேண்டும். எபொக்சி வெயிலில் மஞ்சளாகும். வாங்கின் காலைக் கல் அல்லது சீமெந்துத் தளத்தில் வையுங்கள். மண்ணில் வைத்தால் கறையானுக்குப் படி கட்டிக் கொடுத்த மாதிரி.

வளவில் விழுந்த மரத்தை அரிந்து எடுக்க அனுமதி வேண்டுமா?

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டவே அனுமதி தேவை. பொதுவாக எந்தக் குற்றியையும் வளவுக்கு வெளியே கொண்டுபோகும் முன் கிராம அலுவலரிடமும் வனவளத் திணைக்கள அலுவலகத்திலும் கேட்டு, அனுமதிப்பத்திரம் கையில் இருக்க ஏற்றுங்கள். விலைக்கு வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கருங்காலி என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

கனடாவில் உள்ள உறவினருக்கு மேசை அனுப்பினால் தாங்குமா?

இங்கே காய்ந்த பலகையை அப்படியே அனுப்பினால் தாங்காது. அங்கே குளிர்காலத்தில் சூடாக்கிய வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 25, 30 வீதத்துக்கு இறங்கும். மரம் 6 வீதம்வரை வறளும். 13 வீதத்தில் இருந்து போன 30 அங்குலத் தேக்குத் தட்டு அந்த ஒரு குளிர்காலத்திலேயே ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் சுருங்கும், பாலை இன்னும் கூட. சூளையில் 8 வீதம்வரை உலர்த்தி, அதே வாரம் இருமுகமும் பூசி, பொலித்தீனால் காற்றுப் புகாமல் சுற்றி அனுப்புங்கள். காலின் பிளவுத் துளையை 25 மில்லிமீற்றராக நீட்டுங்கள். போய்ச் சேர்ந்தபின் ஹீற்றர் வாயில் இருந்து ஆறடியாவது தள்ளி வைத்து, அறையின் ஈரப்பதம் 35 வீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி அடிக்கும் மரத்துக்கும் விதி உண்டு. உட்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, அதற்கான முத்திரை குத்திய மரமாக அது இருக்க வேண்டும், முத்திரையில்லாத பெட்டியைத் துறைமுகத்தில் மறித்துவிடுவார்கள்.